கரையோரத் தொழில்களும் ஆக்கவுரிமையும்

மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் நோக்கித் தெற்கே செல்லும் நெடுவீதியில் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனத் தமிழ் பேசும் முஸ்லிம் மக்களின் ஊர்கள், தமிழ் ஊர்களை இடையிடையே கொண்டு, வரிசையாக அமைந்துள்ளன. மேற்கே வயல், கிழக்கே கடல், இடையே மணற்பாங்கான குடியிருப்பு என்பதே இவ்வூர்களின் அமைப்பு. வேளாண்மையும் மீன்பிடியும் நெசவும் இம்மக்களின் பழந்தொழில்கள். இத்தொழில்களில் இன்று பயன்படும் கருவிகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தால், அவற்றுட் சில ஒரு காலத்தில் தனியொருவரின் சட்ட உரிமையாக இருந்தவை என்பது புலனாகும். இன்று அவற்றுக்கு எவரும் உரிமை கோருவதில்லை. தனியுடைமை பொதுவுடைமையாக மாறிய இவ்வரலாறு, இக்கரையோரத்துத் தொழிலாளர் அறிந்துகொள்ளத்தக்கதொன்றாகும்.

ஆக்கவுரிமை என்பது அரசு அளிக்கும் பரிசு அன்று. அது ஓர் உடன்படிக்கை. புதிய பொறியொன்றை ஆக்கியவர் அதன் அமைப்பையும் இயங்கும் முறையையும் ஒளிவுமறைவின்றி எழுதிக் கொடுக்கின்றார். அதற்கு ஈடாக, குறித்த காலம்வரை அவரது இசைவின்றி வேறெவரும் அதனைச் செய்யவோ விற்கவோ கூடாது என்று சட்டம் காவல் புரிகின்றது. அக்காலம் முடிந்ததும் அப்பொறி எல்லோருக்கும் உரியதாகிவிடும். இங்கிலாந்தில் 1624ஆம் ஆண்டின் சட்டம் இக்கால எல்லையைப் பதினான்கு ஆண்டுகள் என வகுத்தது. தொழில் பயிலும் மாணவன் ஒருவனின் பயிற்சிக் காலம் அந்நாளில் ஏழாண்டுகள். அதன் இரு மடங்கே இப்பதினான்கு என்பர். ஒரு தொழிலின் நுட்பம் இரண்டு தலைமுறை மாணவர்க்குச் சென்றடையும் காலத்தோடு இவ்வெல்லை பொருந்தியிருத்தல் கருதத்தக்கது.

மருதமுனையின் கைத்தறிச் சாறன்களும் சேலைகளும் நாடறிந்தவை. பழைய தறியில் நெசவாளர் ஊடிழை சுற்றிய நாடாவை ஒரு கையால் எறிந்து மறு கையால் பற்றுவார். ஆதலால் துணியின் அகலம் அவரது கைவீச்சுக்கு மேற்படாது. அகன்ற துணி நெய்வதற்கு இருவர் வேண்டும். இத்தடையை நீக்கியவர் இங்கிலாந்தின் பெரி நகரத்தை அடுத்த ஊரில் 1704இல் பிறந்த ஜோன் கே என்பவர். நாடா ஓடுவதற்கு ஒரு பலகைத் தடமும், அதன் இரு முனைகளிலும் இரு பெட்டிகளும் அமைத்தார். பெட்டிக்குள் வழுக்கியோடும் கட்டைகளைக் கயிற்றால் ஒரு பிடியோடு பிணைத்தார். பிடியை ஒரு கையால் வெட்டி இழுத்ததும் நாடா தானே மறுமுனைக்குப் பாயும். மற்றக் கை ஊடிழையை அடித்து நெருக்குவதற்கு எஞ்சும். 1733ஆம் ஆண்டு இதற்கு அவர் ஆக்கவுரிமை பெற்றார்.

உரிமை கிடைத்ததேயன்றி ஊதியம் கிடைக்கவில்லை. உற்பத்தியாளர் அவரது நாடாவைப் பயன்படுத்தினர். உரிய பணத்தைக் கொடுக்க மறுத்தனர். அவர் வழக்குத் தொடுத்தபோது, எதிர்வழக்காடும் செலவைத் தம்முள் பகிர்ந்துகொள்ளச் சங்கங்கள் அமைத்தனர். வழக்குகளில் பொருளிழந்த கே 1747இல் பிரான்சு சென்றார். அந்நாட்டு அரசு அவருக்கு உதவித்தொகை அளித்தது. அவர் தாய்நாட்டில் வளம்பெறாமல் அந்நாட்டிலேயே காலமானார். அவரது நாடா ஒருபோதும் நிற்கவில்லை. தென்னிந்தியாவில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அல்பிரட் சாட்டர்ட்டன் என்ற அலுவலர் சேலத்தில் நெசவுச்சாலை அமைத்து அத்தறியைப் பரப்ப முயன்றார். இன்று கயிற்றுப் பிடியை இழுத்து நெய்யும் கைத்தறி எங்கிருந்தாலும் அது கேயின் சிந்தனையினால் இயங்குவதேயாகும். உடன்படிக்கையில் பொதுமக்களின் பங்கு நிறைவேறியது. ஆக்கியவரின் பங்கு நிறைவேறவில்லை.

நெசவிலிருந்து நெல்லுக்கு வருவோர் வேறொரு பயணத்தைக் காணலாம். எருமைக்கடாக்களைப் பிணைத்துச் சூடு மிதித்து, உரலில் குற்றி அரிசியாக்கியது பழைய முறை. உலக்கையின் வேலையைப் பல நாடுகளில் ஏற்றுக்கொண்ட பொறிகளுள் முதன்மையானது எங்கல்பேர்க் ஆலைப் பொறி. பிரேசில் நாட்டைச் சேர்ந்த எவரிஸ்தோ கொன்ராடோ எங்கல்பேர்க் 1880களில் கோப்பிக் கொட்டையின் தோலை நீக்குவதற்காக இதனை ஆக்கினார். வரிப்பள்ளங்கள் கொண்ட இரும்பு உருளையொன்று உறையினுள் சுழல, மணியோடு மணி உராய்ந்து தோல் கழலும். கோப்பிக்கு ஏற்ற இம்முறை நெல்லுக்கும் ஏற்றது எனக் கண்ட அமெரிக்கர், 1888இல் நியூயோர்க் மாநிலத்துச் சிராக்கியூஸ் நகரில் நிறுவனம் அமைத்து இதனை விற்றனர். அரிசி மிகுதியாக நொறுங்குவது இதன் குறை. ஆயினும் விலை மலிவும் பழுதுபார்க்கும் எளிமையும் ஆசிய நாட்டுக் கிராமங்கள் தோறும் இதனைக் கொண்டு சேர்த்தன. ஆக்கியவர் எண்ணாத பயனும் ஒரு பொறிக்கு உண்டு என்பதையும், அதன் விவரம் எழுத்தில் வெளிப்பட்டிருந்தமையாலேயே பிறர் அதனை மேலும் திருத்த முடிந்தது என்பதையும் இது காட்டும்.

கடலிலும் இவ்வாறே. தோணியின் பின்புறத்தில் மாட்டும் இயந்திரத்துக்கு, நோர்வேயில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஓலே எவின்ரூட் 1911இல் ஆக்கவுரிமை பெற்றார். 1912இல் டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதி மூழ்கிய பின்னர், ஜெர்மனியின் அலெக்சாண்டர் பேம் ஒலியின் எதிரொலியைக் கொண்டு பனிப்பாறையை முன்னறிய முயன்றார். அதற்கு அம்முறை ஏற்றதாக அமையவில்லை; கடலின் ஆழத்தை அளப்பதற்கோ மிக ஏற்றதாயிற்று. 1913இல் அதற்கு அவர் உரிமை பெற்றார். கடலடித் தரையிலிருந்து ஒலி திரும்புவதுபோல் மீன்கூட்டத்திலிருந்தும் திரும்பும் என்பது பின்னர் தெளிவாயிற்று. இயந்திரப் படகுகளில் மீன்கூட்டத்தைக் காட்டும் மின்னணுக் கருவி அக்கண்டுபிடிப்பின் வழித்தோன்றலே.

மின்னணுத்துறையின் தொடக்கத்தில் நம்மவரின் பெயரொன்றும் உண்டு. கல்கத்தாவின் ஜகதீஷ் சந்திர போஸ், கலீனா என்னும் ஈயத்தாதுப் படிகத்தைக் கொண்டு மின்காந்த அலைகளை உணரும் கருவியை அமைத்தார். அறிவை விற்பனைப் பொருளாக்க விரும்பாத அவர், நண்பர்களின் வற்புறுத்தலால் 1901இல் விண்ணப்பித்து 1904இல் அமெரிக்க ஆக்கவுரிமை பெற்றார். அதனால் பொருளீட்ட முனையவில்லை. படிகம் கொண்ட வானொலிப் பெட்டிகள் பின்னர் உலகெங்கும் பரவின. கே உரிமையை நாடி அதன் பயனைப் பெறாதவர். போஸ் உரிமை கைக்கு வந்தும் பயனை நாடாதவர். இருவரது பெயரையும் இன்று உறுதியாகக் கூற முடிவதற்கு, அவர்கள் எழுதிக் கொடுத்த விவரமும் நாளும் ஏட்டில் பதிந்திருப்பது ஒரு காரணமாகும்.

இலங்கையரான ரே விஜேவர்தனவின் வாழ்க்கை வேறொரு பாடத்தை உணர்த்துகின்றது. 1924இல் பிறந்து கேம்பிரிட்ஜில் பொறியியல் கற்ற அவர், 1950களின் நடுப்பகுதியில் இரு சக்கர உழவு இயந்திரத்தை வடிவமைத்தார். இங்கிலாந்தின் நொட்டிங்காம் நகரில் ‘லாண்ட்மாஸ்டர்’ என்ற பெயரில் அது உற்பத்தியாயிற்று. எந்த நிறுவனத்தின் கை உழவு இயந்திரத்தையும் லாண்ட்மாஸ்டர் என்றே அழைக்கும் வழக்கம் இலங்கைத் தமிழரிடையே வேரூன்றிவிட்டது. ஆயினும் அவரே பிற்காலத்தில், வெப்பமண்டல நிலத்தை ஆழ உழுவதால் மழைநீர் மேல்மண்ணை அரித்துச் செல்கின்றது என எடுத்துரைத்தார். நைஜீரியாவின் இபாதான் நகரிலுள்ள ஆய்வு நிலையத்தில், உழாமலே விதையிடும் கருவிகளை உருவாக்குவதில் ஈடுபட்டார். 2010இல் அவர் மறைந்தார். ஒரு பொறி புதியதா என்பதை ஆக்கவுரிமை அலுவலகம் சோதிக்கும். அது இம்மண்ணுக்கு நன்மை தருமா என்பதைச் சோதிப்பது ஆக்கியவரின் கடன்.

இலங்கையில் இவ்வுரிமைக்கான சட்டம் புதியதன்று. 1859இலும் 1906இலும் கட்டளைச் சட்டங்கள் இயற்றப்பட்டன. 1979இல் 52ஆம் இலக்கச் சட்டமும், 2003இல் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டமும் அவற்றைத் தொடர்ந்தன. இன்றைய சட்டப்படி உரிமைக் காலம் விண்ணப்ப நாளிலிருந்து இருபது ஆண்டுகள். ஆக்கம் புதியதாகவும், துறையறிந்தவர்க்கு எளிதிற் புலப்படாததாகவும், தொழிலுக்குப் பயன்படுவதாகவும் இருத்தல் வேண்டும். புதுமை என்பது ஊருக்குப் புதிதாதல் அன்று, உலகுக்கே புதிதாதல்.

இவ்விடத்திலேயே சிறு தொழிலாளர் இழப்புக்கு ஆளாகின்றனர். தறியில் ஒரு திருத்தம் செய்பவர் அதனை அயலாருக்கு மகிழ்ச்சியோடு காட்டுகின்றார். படகு இயந்திரத்துக்குப் புதிய உறுப்பு வார்ப்பவர் அதனை உடனே விற்கின்றார். ஆக்கியவர் தாமே வெளிப்படுத்தியதைச் சட்டம் ஓராண்டு மட்டுமே பொறுத்துக்கொள்ளும். அதற்குள் விண்ணப்பம் சேராவிடின் உரிமை பெறும் வாய்ப்பு அகன்றுவிடும். வரைபடமும் நாளும் குறித்த ஏடும் இல்லையெனில் ஆக்கியவரின் பெயரும் அகன்றுவிடும். 2004 டிசம்பர் 26இல் எழுந்த கடற்கோள் மருதமுனையிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் உயிர்களையும் உடைமைகளையும் வாரிச் சென்றது. கைப்பழக்கத்தில் மட்டும் வாழும் நுட்பம் அத்தொழிலாளரோடேயே மறைந்துவிடும். எழுதிவைத்த நுட்பத்தையோ எஞ்சியவர் மீண்டும் செய்துகொள்ளலாம்.

ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றியது. 2012இல் அங்கு பொறியியற் பீடமும் அமைந்தது. வரைபடம் எழுதக் கற்றவரும் கருவியைக் கையாளக் கற்றவரும் இன்று ஒரே வீதியில் சில கல் தொலைவுக்குள் வாழ்கின்றனர். இவ்விருவரும் கூடினால், பிறர் ஆக்கங்களின் உரிமைக்காலம் கழிந்தபின் அவற்றைப் பெற்றுவந்த இக்கரையோரம், தன் ஆக்கங்களையும் உலகின் பொதுநிதியில் சேர்க்கும் நிலையை எய்தும். அதற்கு முதலில் வேண்டுவது பெரும் பொருளன்று. செய்ததைச் செய்த அன்றே வரைந்து நாளிட்டு வைக்கும் பழக்கமேயாகும்.