கோதை என்னும் பெயர்

வைணவ இல்லங்களில் பெண்மகவுக்குக் கோதை எனப் பெயரிடுவோர், ஆண்டாளை நினைந்தே அவ்வாறு செய்கின்றனர். அதில் பிழையில்லை. ஆயினும், அப்பெயர் ஒரு காலத்தில் ஆடவர் பெயராகவும், அதிலும் முடிமன்னர் பெயராகவும் வழங்கியது என்பதை நம் கவிஞர்களிற் பலர் எண்ணிப் பார்த்ததில்லை.

கோத்தல் என்னும் வினையின் வழிவந்த சொல் கோதை. நாரில் கோத்த மாலை அதன் முதற்பொருள். மாலை சூடிய கூந்தலுக்கும், கூந்தலையுடைய பெண்ணுக்கும் அது பின்னர் ஆகிவந்தது. மார்பில் மாலை புரளும் சேரனுக்கும் அதுவே பெயராயிற்று. சேரமான் கோக்கோதை மார்பனைப் பொய்கையார் பாடினார். கரூர் அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்த வெள்ளிக்காசுகளில், மன்னன் தலையுருவுடன் மாக்கோதை, குட்டுவன் கோதை என்னும் பெயர்கள் தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. பத்தாம் நூற்றாண்டில் மகோதையிலிருந்து ஆண்ட சேரன் பெயரும் கோதை இரவியே.

இவர்களுள் நம் நெஞ்சைத் தொடுபவன் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை. புறநானூற்றின் 245ஆம் பாட்டு அவனுடையது. மனைவியை ஈமத்தீயில் இட்டபின்னும் தன் உயிர் போகவில்லையே என நாணி நிற்கிறான் அவன். மணமாலையின் பெயரைத் தாங்கிய மன்னன் பாடியதாக நமக்கு எஞ்சியிருப்பது கையறுநிலைப் பாட்டு!

திருவில்லிபுத்தூர்த் துளசி வனத்தில் கண்டெடுத்த குழந்தைக்குப் பெரியாழ்வார் சூட்டியது இப்பெயரே என்பது குருபரம்பரை மரபு. திருப்பாவை முப்பதும் நாச்சியார் திருமொழி நூற்று நாற்பத்து மூன்றும் பாடிய அப்பெருமாட்டி, முடிவுப் பாசுரங்களில் தம்மைக் கோதை என்றே குறிக்கிறார். ஆண்டாள் என்பது உலகம் தந்த பெயர். கோதை என்பது கவிஞர் இட்ட கையொப்பம். பாட்டின் கடைசியில் தம் பெயரைத் தாமே நாட்டிக்கொண்ட பெண் நம் இலக்கியத்தில் அரியர் என்பதால், இவ்வேறுபாட்டைச் சிறிதென்று தள்ள என் மனம் இசையவில்லை.

வடமொழியில் இப்பெயர் கோதா எனத் திரிந்தது. வேதாந்த தேசிகரின் கோதா ஸ்துதி 29 சுலோகங்களால் ஆயது. கோ என்பதற்கு வாக்கு எனவும், தா என்பதற்குத் தருபவள் எனவும் பிரித்து, சொல்வளம் அருள்பவள் என அறிஞர் உரைப்பர். அழகிய விளக்கந்தான். ஆனால் அதில் நாரும் இல்லை, பூவும் இல்லை. இறைவனுக்குரிய மாலையை முதலில் தான் சூடிப் பார்த்த துணிவும் இல்லை. தெலுங்கில் பாடிய கிருஷ்ணதேவராயர் இங்கே நமக்கு நெருங்கி நிற்கிறார். அவர் தம் காவியத்திற்கு இட்ட ஆமுக்தமால்யதா என்னும் வடசொற்பெயருக்குச் சூடிய மாலையைத் தந்தவள் என்பதே பொருள்.

இருபதாம் நூற்றாண்டிலும் இப்பெயர் எழுத்தைத் தேடி வந்தது. வைத்தமாநிதி முடும்பை என்னும் வைணவக் குடிப்பெயரை வை.மு. எனச் சுருக்கித் தம் பெயர்முன் கொண்ட கோதைநாயகி அம்மாள் (1901–1960) பள்ளிக்கல்வி பெறாதவர். இந்திரமோகனா என்னும் முதல் நாடகத்தை அவர் வாயால் சொல்ல, தோழி ஒருவர் எழுதினார். அது 1924இல் அச்சேறியது. அடுத்த ஆண்டே ஜகன்மோகினி இதழை ஏற்றார். பின்னர் எழுதிய நாவல்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை.