மனவடுவும் ஆற்றும் முறைகளின் இணைவும்: லுணுகலைப் பாதை வழியே ஒரு வரலாற்று நோக்கு

பேராதனையிற் புறப்பட்டுப் பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை, மகாஓயா ஆகிய ஊர்களைத் தொட்டுச் செங்கலடியில் முடிவுறும் பெருந்தெரு, மலையகத்தையும் மட்டக்களப்பையும் இணைப்பதாகும். அதன் இடைவழியில் தேயிலை மலைகள் சூழ அமைந்த சிற்றூர் லுணுகலை. இத்தெருவின் கீழ்க்கோடியிலும் அதற்கு வடக்கிலும், போரினாற் காயமுற்ற உள்ளங்களை ஆற்றுதற்குக் கடந்த நாற்பது ஆண்டுகளிற் பல்வேறு முறைகள் ஒன்றோடொன்று கலந்து கையாளப்பட்டன. இடைவழியிலுள்ள ஊவாத் தோட்டங்களிலோ, அதே காலப்பகுதியில் இடர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நேர்ந்தபோதும், அவை உள்ளத்துக்கு நேர்ந்த காயங்களாகப் பெரிதும் கணிக்கப்படவில்லை. இவ்விரு நிலைமைகளையும் ஒருங்குவைத்து நோக்குவதே எமது நோக்கம்.

'மனவடு' என்னும் சொல் எமது உளமருத்துவ எழுத்துக்களில் நிலைபெற்றது அண்மையிலேயே. மேனாட்டிலும் இக்கருத்து நேர்கோட்டில் வளர்ந்ததன்று. பிரான்சிய அறிஞர் பியேர் ஜனே 1889இல் வெளியிட்ட நூலிலேயே, தாங்கவொண்ணா அனுபவங்கள் நினைவின் ஒழுங்கினின்றும் பிரிந்து தனித்து இயங்குவதனை விளக்கியிருந்தார். நோயாளியை முதலில் நிலைப்படுத்தல், பின்னர் நினைவை அணுகுதல், அதன்பின் வாழ்வோடு மீள இணைத்தல் என்ற படிமுறையின் வித்து அவரிடமே உண்டு. ஆயினும் பிராய்டியத்தின் எழுச்சியில் அவர் பெயர் மங்கிற்று. வியட்நாம் போரினின்று மீண்ட படையினரின் போராட்டத்தின் பயனாகவே, 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேட்டில் நெருக்கீட்டுக்குப் பின்னரான மனவடு நோய் இடம்பெற்றது. அதன்பின் பல பள்ளிகள் தோன்றித் தத்தமது முறையே சிறந்ததென வாதிட்டன. நடந்ததை விரித்துரைக்கச் செய்வோர் ஒரு பக்கம். எண்ணங்களைத் திருத்துவோர் மறுபக்கம். கண்ணசைவினைக் கருவியாக்குவோர் இன்னொரு பக்கம். 1992இல் யூடித் ஹேர்மன் எழுதிய நூல், பாதுகாப்பு, நினைவுகூர்ந்து துக்கித்தல், சமூகத்தோடு மீளிணைதல் என மூன்று கட்டங்களை வகுத்தபோது, எந்த முறை எக்கட்டத்திற்கு உரியது என்ற வினா முன்னுக்கு வந்தது. முறைகளின் இணைவு என்பது சமையலிற் போலப் பலவற்றையும் ஒரே கலத்திற் கொட்டுவதன்று. அது வரிசை பற்றியது. இதனை வாசகர் மனங்கொள்ளுதல் வேண்டும். பின்னர் இதற்கே மீளவுள்ளோம்.

இலங்கையின் வடக்கிலே இணைவு ஏற்பட்டது கொள்கையினாலன்று, தேவையினால். போர் மூண்ட காலத்தில் உளமருத்துவர் விரல்விட்டு எண்ணத்தக்கவராயினர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராக விளங்கிய தயா சோமசுந்தரம், தம்மிடம் வந்தோர் பலர் மனத்துன்பத்தை மனத்துன்பமாகக் கூறாது, நெஞ்சு படபடப்பு, தலையிடி, உடல் நோவு என்றே கூறுவதைக் கண்டார். உடலின் மொழியிற் பேசுவோரிடம் உடல் வழியே செல்லுதல் இயல்பு. ஆகவே மூச்சுப் பயிற்சியும், தசைகளைத் தளர்த்தும் மேனாட்டுப் பயிற்சிக்கு ஒத்த சாந்தியாசனமும், அவரவர் சமயத்திற் பழகிய திருநாமத்தை உருவேற்றலும், மருந்தோடும் உளவளத்துணையோடும் சேர்த்துக் கையாளப்பட்டன. சைவர்க்கு ஒன்று, கிறிஸ்தவர்க்கு ஒன்று, முஸ்லிம்கட்கு ஒன்று எனச் சொல் மாறிற்று, பயிற்சி மாறவில்லை. 1998இல் வெளிவந்த அவரது ஆங்கில நூலும், பின்னர் 2007இல் அவர் எழுதிய கட்டுரையும் இன்னொரு படி மேற்சென்றன. காயமுற்றது தனிமனிதன் மட்டுமன்று; குடும்பமும் ஊரும் நம்பிக்கையும் சேர்ந்தே காயமுற்றன என்பதால், ஆற்றுதலும் கூட்டாகவே அமைதல் வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. செத்தவீட்டுக் கிரியை, அந்தியேட்டி, ஆண்டுத் திதி, கோயிற் றிருவிழா ஆகியவை அவருக்குப் பழமையின் எச்சங்களல்ல. துக்கத்திற்குக் காலமும் இடமும் வகுத்துத் தந்த நிறுவனங்கள். உடல் கிடையாதபோது, காணாமற்போனவனுக்குத் திவசம் செய்வதா, விளக்கேற்றிக் காத்திருப்பதா என்று தாய் தவித்த நிலையில், அந்நிறுவனங்களே முடங்கின என்பதையும் மறத்தற்கில்லை.

மட்டக்களப்பிலே நிகழ்ந்தவை வேறு வகையின. அங்கு 1996இல் யேசுசபைத் துறவி போல் சற்குணநாயகமும், கனடியக் கலைஞர் போல் ஹோகனும் சேர்ந்து தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில், தமிழ், முஸ்லிம் கிராமங்களின் பிள்ளைகள் களிமண்ணோடும் வண்ணத்தோடும் கதையோடும் நாடகத்தோடும் தம் அச்சங்களைக் கையாண்டனர். அதே மண்ணில் அம்மன் கோயில்களில் உருவேறி வாக்குச் சொல்வோரிடம், காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் சென்றதை மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ் ஆராய்ந்தார். வாய்திறத்தல் ஆபத்தாயிருந்த காலத்தில், நடந்ததைப் பலர் முன் கூறுதற்கு எஞ்சியிருந்த இடங்களுள் அதுவும் ஒன்று. பகுத்தறிவு நோக்குடையோர்க்கு இது உவப்பாயிராது. எமக்கும் தெய்வவாக்கில் நம்பிக்கையில்லை. ஆயினும் அங்கு நிகழ்ந்த பேச்சில் நம்பிக்கையுண்டு.

2004ஆம் ஆண்டுக் கடற்கோளின் பின் பல நாட்டுச் சிகிச்சையாளர் பல முறைகளோடு வந்திறங்கினர். அவருட் பலர் மொழியறியாது வந்து, சில வாரங்களில் மீண்டனர். விதிவிலக்காக, வடகிழக்கு முகாமொன்றில் 31 பிள்ளைகளிடம் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஓர் ஆய்வைக் குறிப்பிடலாம். ஒரு பகுதியினர் தம் கதையை ஒழுங்குபடக் கூறும் முறையிலும், மற்றையோர் தியானமும் தளர்வும் கலந்த முறையிலும், உள்ளூர் உளவளத்துணையாளரால் ஆறு அமர்வுகளில் நடத்தப்பட்டனர். ஆறு மாதங்களின் பின் முன்னவருள் 81 வீதமும் பின்னவருள் 71 வீதமும் நோய்நிலையினின்று நீங்கியிருந்தனர். தொகை சிறிது, வேறுபாடும் பெரிதென்று கொள்ளற்பாலதன்று. ஆயினும், தமக்குப் பழகிய மொழியில், தம்மவர் ஒருவரோடு இருந்து பெற்றமையே இரண்டிற்கும் பொதுவாயிருந்தது.

இனி ஊவாவுக்கு வருவோம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியது. 1964இன் ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பகுத்தது; ஒரே லயத்திற் பிறந்த உடன்பிறப்புக்கள் கடலுக்கு இருபுறமும் ஆயினர். 1977இன் வன்செயல்களால் மலையகக் குடும்பங்கள் பல வவுனியாவுக்குப் பெயர்ந்தன. அவர்களைக் குடியமர்த்திய காந்தியம் இயக்கத்தின் தலைவருள் ஒருவரான வைத்தியர் இராஜசுந்தரம், 1983 ஜூலை 27 அன்று வெலிக்கடைச் சிறையிற் கொல்லப்பட்டார். பதுளை நகரிலே தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்ததும் அதே நாளிலேதான். அவ்வாறு வன்னிக்குப் பெயர்ந்தோரின் மக்களும் பேரரும் 2009இன் இறுதிப் போருக்குள் அகப்பட்டனர். ஆகவே வடக்கின் மனவடு வேறு, மலையகத்தின் மனவடு வேறு என்று பிரித்தெழுதுவது வரலாற்றுக்குப் பொருந்தாது.

ஊவாவிலேயே எஞ்சியோர்க்கும் அமைதி வாய்க்கவில்லை. 2000 ஒக்டோபர் 25 அன்று பண்டாரவளைக்கு அண்மையிலுள்ள பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில், அரசின் காவலிலிருந்த தமிழ் இளைஞர் இருபதுக்கு மேற்பட்டோர் கும்பலொன்றாற் கொல்லப்பட்டனர். மேல் நீதிமன்றம் தண்டித்தோரை 2005இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. 2021 மார்ச் 20 விடியலில், லுணுகலையிலிருந்து கொழும்பு நோக்கிச் சென்ற பேருந்து பசறைப் 13ஆம் மைற்கட்டை அருகே பள்ளத்தில் வீழ்ந்து பத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

இவற்றைத் தாங்குதற்குத் தோட்டங்களிடம் இருந்தவை எவை? தப்போசையும் ஒப்பாரியும் கருமாதியும் இருந்தன. மாசி மாதத்திற் காமன் கம்பம் நட்டு ஆடும் காமன் கூத்து இருந்தது. காமன் எரிக்கப்படுதலும், ரதி புலம்பலும், அவன் மீள உயிர்ப்பிக்கப்படுதலும் ஆகிய இக்கூத்தில், தோட்டம் முழுவதும் ஓரிழப்பைச் சேர்ந்தழுது கடந்துவருகிறது. சி.வி. வேலுப்பிள்ளை திரட்டி 1983இல் நூலாக்கிய மலைநாட்டு மக்கள் பாடல்களை நாட்டாரியலாக மட்டும் வாசித்தல் குறைவாசிப்பாகும். அவை ஒரு சமூகத்தின் துயர்ப்பதிவேடுமாகும். மறுபுறம், தோட்ட மருந்தகம் தொழிலாளியை மலைக்குத் திருப்பி அனுப்புதற்கென அமைந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவள் மறுவாரமே கொழுந்துக் கூடையோடு நிற்றல் வேண்டும். நிறை குறைந்தால் அரைப்பேர்தான். துக்கத்திற்குச் சடங்கு இருந்தது. சடங்கிற்கு நாட்கூலி இல்லை.

முற்போக்கு வாசகர் இவ்விடத்திற் குறுக்கிடக்கூடும்: காணியும் நியாயக் கூலியும் கிடைப்பின் இவை தாமே தீரும், உளச்சிகிச்சை பற்றிய பேச்சு உரிமைப் போராட்டத்தை மழுங்கச் செய்யாதா என்று. இவ்வினாவில் நியாயமுண்டு, விடையில் இல்லை. இரவு முழுவதும் மலை சரியும் ஓசை கேட்டு விழித்திருப்பவளை, சமூக மாற்றம் வரும்வரை காத்திருக்கச் சொல்லுதல் எவ்வகையிலும் முற்போக்காகாது. அதேவேளை, உளவளத்துணையாளரைமட்டும் அனுப்பிவிட்டுக் காணியைப் பற்றி வாய்திறவாதிருத்தல் மருத்துவமும் ஆகாது. ஜனேயும் ஹேர்மனும் முதற்படியாக வைத்தது பாதுகாப்பை. 2007இல் சர்வதேச அமைப்புகள் கூடி வகுத்த அனர்த்தகால வழிகாட்டலும், அடித்தளமாக வைப்பது உறைவிடத்தையும் அடிப்படைச் சேவைகளையுமே, அதன்மேற் குடும்பமும் ஊரும், உச்சியிலேதான் நிபுணர்.

மீரியபெத்தையில் இவ்வரிசை தலைகீழாயிற்று. அவ்விடம் சரியக்கூடியதென முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தும் லயங்கள் அங்கேயே இருந்தன. சரிந்தபின் வந்த ஆறுதல் மொழிகளுக்குக் குறைவில்லை. உயிர்தப்பியோரோ பாடசாலைகளிலும், பின்னர் கைவிடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலையொன்றிலும் ஏறத்தாழ ஈராண்டு தங்கி, 2016இலேதான் வீடுகளைப் பெற்றனர். மண்ணடியிற் புதைந்த பலருடைய உடல்கள் மீட்கப்படவேயில்லை. உடலின்றிக் கருமாதி செய்தோருக்கு, வடக்கின் காணாமற்போனோர் குடும்பங்களோடு பணியாற்றிய அனுபவம் உதவியிருக்கும். வாக்குச் சொல்லும் கோயிலையும், ஒப்பாரி தெரிந்த மூதாட்டியையும், தமிழிற் பேசத்தக்க தாதியையும், மூச்சுப் பயிற்சி கற்பிக்கும் ஆசிரியையையும், தொழிற்சங்கத் தலைவரையும் ஒரே மேசையில் இருத்துவதுதான் இங்கு இணைவு எனப்படும். துக்கநாட்களுக்கு முழுப்பேர் போடும்படி கேட்பது அம்மேசையின் முதல் வேண்டுகோளாதல் தகும் என்பது எமது எண்ணம்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தில் மீண்டும் மலைகளைச் சரித்தது. பாடசாலைகளிலும் கோயில்களிலும் தஞ்சமடைந்தோர் கேட்டது, மீரியபெத்தையார் 2014இற் கேட்ட அதே கேள்வியையே: இனி எந்த மண்ணிற் படுத்துறங்குவது?