பழங்கால காரை லாரியில் அனுப்புகிறீர்களா? சரக்கு ரசீதைக் கவனியுங்கள்

புது தில்லி: குளிர்காலம் தொடங்கியதும் வட இந்திய நகரங்களில் பழங்கால கார் அணிவகுப்புகளும் களைகட்டத் தொடங்குகின்றன. தில்லியில் ஸ்டேட்ஸ்மேன் நாளிதழ் 1964-ஆம் ஆண்டு தொடங்கிய அணிவகுப்பு இவற்றுள் பெயர் பெற்றது. இத்தகைய நிகழ்ச்சிகளுக்காகவும், விற்பனைக்காகவும், குடிபெயர்வின்போதும் பழைய கார்களை நெடுந்தொலைவு கொண்டு செல்ல வேண்டியிருக்கிறது. கொல்கத்தாவிலிருந்து தில்லி வரை சுமார் 1,500 கி.மீ. தொலைவை அறுபது ஆண்டு பழைய இயந்திரத்தை நம்பி ஓட்டிச் செல்லப் பலரும் துணிவதில்லை. எனவே தொழில்முறை நிறுவனங்களை நாடுகின்றனர்.

சட்டமும் ஒரு காரணம். மத்திய அரசு 2021 ஜூலையில் அறிவித்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த, மூல வடிவம் பெரிதும் மாற்றப்படாத வாகனங்கள் 'விண்டேஜ்' வகையில் அடங்கும். இவற்றின் பதிவெண்ணில் 'விஏ' என்ற எழுத்துகள் இடம்பெறும். புதிய பதிவுக்குக் கட்டணம் ரூ.20,000, பதிவு 10 ஆண்டுகள் செல்லும். கண்காட்சி, அணிவகுப்பு, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்காக மட்டுமே இவற்றைச் சாலையில் ஓட்டலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கு அனுமதி இல்லை. 1984-இல் அறிமுகமான கான்டெஸா போன்ற கார்கள் ரசிகர்களுக்குப் பழம்பொருளாகத் தோன்றினாலும், சட்டத்தின் பார்வையில் அவை இன்னும் விண்டேஜ் ஆகவில்லை.

அனுப்பும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலோர் முதலில் கேட்பது கட்டணத்தை. அதற்கு முன் கேட்க வேண்டியது, லாரி யாருடையது என்பதே. இணையத்தில் விளம்பரம் செய்யும் 'பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ்' நிறுவனங்களில் பல, முன்பணம் பெற்றுக்கொண்டு வேலையை வேறொருவரிடம் ஒப்படைத்துவிடுகின்றன. சாலைவழி சரக்குப் போக்குவரத்துச் சட்டம், 2007-இன்படி இத்தொழில் செய்வோர் பதிவுச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். அதன் நகலைக் கேட்பதில் தயக்கம் தேவையில்லை.

இழப்பீடு குறித்து அதே சட்டத்தின் கீழ் 2011-இல் வகுக்கப்பட்ட விதிகள் சொல்வதைப் பல உரிமையாளர்கள் அறிந்திருப்பதில்லை. சரக்கு சேதமடைந்தாலோ தொலைந்தாலோ நிறுவனத்தின் பொறுப்பு, பொதுவாகச் சரக்குக் கட்டணத்தின் பத்து மடங்கோடு முடிந்துவிடுகிறது. எடுத்துக்காட்டாக, கட்டணம் ரூ.60,000 எனில் உச்சவரம்பு ரூ.6 லட்சம். ஏற்றிய கார் ரூ.40 லட்சம் பெறுமானம் உள்ளதாக இருந்தாலும் கணக்கு இதுவே. அறிவிக்கப்பட்ட மதிப்பு இதைவிடக் குறைவாக இருந்தால் தொகையும் குறையும். எனவே அனுப்புகைக் குறிப்பில் உண்மையான மதிப்பைக் குறைத்து எழுதுவது உரிமையாளருக்கே பாதகம். கூடுதல் இடர்க் கட்டணம் செலுத்த வெளிப்படையாக ஒப்புக்கொண்டால் மட்டுமே இந்த வரம்பைத் தாண்ட இயலும்.

காப்பீட்டிலும் கவனம் தேவை. விரிவான மோட்டார் காப்பீடு, வாகனம் சாலை அல்லது ரயில் மூலம் எடுத்துச் செல்லப்படும்போது நேரும் சேதத்தையும் உள்ளடக்குகிறது. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருப்போருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. ஐந்து ஆண்டுகளைக் கடந்த வாகனங்களின் மதிப்பு, காப்பீட்டு நிறுவனமும் உரிமையாளரும் பேசி முடிவு செய்வது என்பதால், புறப்படும் முன் அத்தொகையைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

புதிய கார்களை ஏற்றும் திறந்த லாரிகளில் கட்டணம் குறைவு. ஆனால் வழியெங்கும் தூசியும் கல்லும் மழையும் உண்டு. துணிக்கூரை கொண்ட கார்களுக்கு எதிர்காற்றே போதும், கூரை கிழிந்துவிடும். மூடிய கண்டெய்னரே பாதுகாப்பானது. தரை இடைவெளி குறைந்த கார்களுக்குச் சாய்தளத்தின் நீளம் முக்கியம். செங்குத்தான பலகையில் ஏற்றினால் அடிப்பகுதி உரசும். சக்கரங்களைத் துணிப்பட்டையால் பிணைப்பது நல்ல முறை. இரும்புச் சங்கிலியை அச்சில் மாட்டுவதும், கம்பிச் சக்கரங்களின் கம்பிகளுக்கிடையே பட்டையை நுழைத்து இழுப்பதும் சேதத்தில் முடியும். பழைய கைப்பிரேக்கை மட்டும் நம்பாமல் சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். எரிபொருளைக் கால் தொட்டிக்கு மேல் விட வேண்டாம். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடலாம். இயங்காத காரை விஞ்ச் கொண்டு இழுத்தேற்றுவதாயின் கொக்கியை எங்கே மாட்டுவது என்பதை உரிமையாளரே காட்டுவது உத்தமம். பம்பரில் மாட்டும் வழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை.

வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருக்கப்போகும் வாகனத்துக்கு மறுபதிவு அவசியம். அதற்குப் பழைய பதிவு அலுவலகத்தின் தடையின்மைச் சான்றைப் புறப்படும் முன்பே பெற்றுவிட்டால் பின்னர் அலைய நேராது.

ஏற்றும்போதும் இறக்கும்போதும் காரின் நான்கு புறமும், அடிப்பகுதியும், ஓட்டமானியும் தெரியும்படி படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பல ரசீதுகளில் 'உரிமையாளர் பொறுப்பில்' என்ற முத்திரை முன்கூட்டியே குத்தப்பட்டிருக்கும். படித்த பின்னரே கையொப்பமிடவும். சேதம் இருந்தால் அதை ரசீதிலேயே குறித்து ஓட்டுநரின் கையொப்பம் பெற வேண்டும். வழக்குத் தொடுக்கும் முன் நிறுவனத்துக்கு எழுத்துபூர்வ அறிவிப்பு அனுப்புவது கட்டாயம். அதற்கான அவகாசம் 180 நாள்கள். கார் வந்து சேர்ந்த நாளிலிருந்து அல்ல, முன்பதிவு செய்த நாளிலிருந்தே அது எண்ணப்படுகிறது.