மாயாவி: ஓர் அறிவியல் மென்பொருளும் அதன் தொலைந்த சார்புகளும்

மாயாவி என்பது அறிவியல் தரவுகளை முப்பரிமாணப் படங்களாகக் காட்டும் கட்டற்ற மென்பொருள். சென்னை ஐஐடியில் விண்வெளிப் பொறியியல் ஆய்வு மாணவராக இருந்த பிரபு ராமச்சந்திரன் இதை உருவாக்கினார். 2001 ஆகஸ்ட்டில் இந்திய வானூர்திக் கழகத்தின் பாய்ம இயக்கவியல் கருத்தரங்கில் இதைப் பற்றிய கட்டுரையை அவர் அளித்தார். மென்பொருளுக்குச் சூட்டிய பெயர் மாயவித்தைக்காரனைக் குறிக்கும் வடசொல். தமிழ் வாசகருக்கு முதலில் நினைவுக்கு வருவது முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவியாக இருக்கலாம். அந்தக் கதாநாயகன் கண்ணுக்குத் தெரியாமல் மறைபவன். இந்த மென்பொருளோ கண்ணுக்குத் தெரியாத காற்றோட்டத்தையும் அழுத்தத்தையும் திரையில் தெரியவைப்பது.

அது எழுதப்பட்டு இருபதாண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. மாயாவி இன்றும் இருக்கிறது, ஆனால் முதல் மாயாவியை இன்றைய கணினியில் அப்படியே இயக்க முடியாது. அதற்காக எழுதப்பட்ட சிறு நிரல்களில் பெரும்பாலானவையும் ஓடாது. நிரலில் பிழை ஏதும் நேர்ந்துவிடவில்லை. அது சார்ந்திருந்த பிற மென்பொருள்கள் மாறின, சில மறைந்தன. அறிவியல் மென்பொருள் வரலாற்றில் இது பரவலான நிகழ்வு. மாயாவியின் கதை அதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

சார்பு என்பது

எந்த மென்பொருளும் தனியே நிற்பதில்லை. முதல் மாயாவி பைத்தான் மொழியில் எழுதப்பட்டது. படம் வரையும் வேலையை அது விடிகே என்ற நிரலகத்திடம் ஒப்படைத்தது. விடிகே 1993-இல் வில் ஷ்ரோடர், கென் மார்ட்டின், பில் லாரன்சன் ஆகிய மூவர் தொடங்கிய சி++ நிரலகம். சாளரங்களும் பொத்தான்களும் டிகே என்ற கருவித்தொகுப்பிலிருந்து வந்தன. எண்களின் அடுக்குகளைக் கையாள நியூமெரிக் என்ற பைத்தான் நிரலகம் அந்நாளில் புழக்கத்தில் இருந்தது. இவை அனைத்துக்கும் கீழே ஒரு சி++ தொகுப்பியும், திரை அட்டைக்கான ஓபன்ஜிஎல் நிரல்களும், ஒரு லினக்ஸ் வெளியீடும் இருந்தன.

மாயாவியை எழுதியது ஒரு மாணவர். அது நின்ற தரையை அமைத்தவர்கள் பல நாடுகளைச் சேர்ந்த நூற்றுக்கணக்கானோர். அவர்களில் யாரும் மாயாவிக்காக எதையும் எழுதவில்லை. தங்கள் நிரலகத்தைச் செப்பனிடும்போது மாயாவியைக் கேட்க வேண்டிய கட்டாயமும் அவர்களுக்கு இல்லை.

பிரான்சைச் சேர்ந்த ஆய்வாளர் கொன்ராட் ஹின்சன் இந்த நிலையை மென்பொருள் சரிவு என்று அழைத்தார். கட்டடத்தில் விரிசல் இல்லாவிட்டாலும் அடியில் மண் நகர்ந்தால் கட்டடம் சரியும் என்பது அவர் சொல்லும் உவமை. அவருக்கு இது சொந்த அனுபவம். மூலக்கூறு உருவகப்படுத்தலுக்காக அவர் எழுதிய எம்எம்டிகே நிரலகம் நியூமெரிக்கை நம்பி வளர்ந்தது. 2006-இல் நியூமெரிக்கின் இடத்தை நம்பை எடுத்துக்கொண்டது. பழைய நிரல்கள் பிழைத்திருக்க நம்பைக்குள் ஓர் இணைப்புப் பகுதி சில ஆண்டுகள் வைக்கப்பட்டிருந்தது. 2014-இல் வந்த நம்பை 1.9 பதிப்பில் அதுவும் நீக்கப்பட்டது. 2020 ஜனவரி 1 அன்று பைத்தான் 2-இன் பராமரிப்பும் முடிந்தது.

பெயர் மாறிய மாயாவி

மாயாவி இந்த நகர்வுகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சந்தித்தது. 2004-க்குப் பிறகு பிரபு ராமச்சந்திரன் அமெரிக்காவின் என்தாட் நிறுவனத்தோடு சேர்ந்து மென்பொருளை அடியோடு திருப்பி எழுதினார். அதுவே மாயாவி 2. டிகே போய் டபிள்யூஎக்ஸ்-பைத்தான் வந்தது, பின்னர் க்யூடி வந்தது. விடிகேயைப் பைத்தான் பாங்கில் பயன்படுத்த டிவிடிகே என்ற இடையடுக்கு எழுதப்பட்டது.

டிவிடிகே வேலை செய்யும் விதம் தனித்தன்மை உடையது. கணினியில் எந்த விடிகே பதிப்பு நிறுவப்பட்டிருக்கிறதோ அதை நிறுவும்போதே ஆராய்ந்து, அதிலுள்ள ஒவ்வொரு வகுப்புக்கும் உரிய பைத்தான் நிரலைத் தானே எழுதிக்கொள்ளும். நூற்றுக்கணக்கான வகுப்புகளைக் கையால் எழுதும் சுமை இதனால் நீங்கியது. விலையும் இருந்தது. விடிகே முன்னதாகவே நிறுவப்பட்டிருக்காவிட்டால் மாயாவியைக் கட்டவே முடியாது. நிறுவும் கட்டளையை இட்டு, விடிகே இல்லை என்ற பிழைச்செய்தியில் முட்டி நிற்பது புதிய மாணவர்களுக்கு வாடிக்கையான அனுபவம்.

2011-இல் வந்த 4.0 பதிப்பில் இன்னொரு மாற்றம். அதுவரை நிரலில் ‘என்தாட்.மாயாவி’ என்று அழைக்கப்பட்ட தொகுப்பு, வெறும் ‘மாயாவி’ ஆயிற்று. காரணம் நியாயமானது, பெயர் எளிமையானது. ஆனால் உலகெங்கும் எழுதப்பட்டிருந்த பழைய நிரல்கள் முதல் வரியிலேயே நின்றுபோயின. இதை உணர்ந்த உருவாக்குநர்கள் இடிஎஸ்-ப்ராக்சி என்ற சிறு தொகுப்பைக் கூடவே வெளியிட்டார்கள். பழைய பெயரில் அழைத்தாலும் புதிய தொகுப்பைக் காட்டும் ஒரு முகவரி மாற்றுச்சீட்டு அது. பத்தாண்டுகள் கழித்துப் பழைய நிரலை எடுப்பவருக்கு அப்படி ஒன்று இருப்பது தெரிந்திருக்க வேண்டும் என்பதே சிக்கல்.

2013-இல் விடிகே 6 வந்தது. தரவை ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு அனுப்பும் ‘செட்இன்புட்’ என்ற கட்டளை நீக்கப்பட்டு, அதன் வேலை இரண்டு கட்டளைகளாகப் பிரிக்கப்பட்டது. விடிகேயைப் பயன்படுத்திய ஏறக்குறைய ஒவ்வொரு நிரலிலும் இருந்த கட்டளை அது. பதிப்பு எதுவென்று பார்த்து உரிய கட்டளையைத் தேர்ந்தெடுக்கும் துணைச் செயற்கூறுகளை மாயாவிக் குழு சேர்த்தது. மாயாவி தப்பியது. மாயாவியைக் கொண்டு எழுதப்பட்ட நிரல்களை அவரவர்தான் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

நிரலின் வயதைக் கணித்தல்

தொலைந்த சார்புகளை மீட்பதில் முதற்படி, நிரல் எந்தக் காலத்தது என்று அறிவது. எந்தெந்தப் பதிப்புகளோடு ஓடியது என்பதைப் பலரும் எழுதி வைப்பதில்லை. ஆனால் நிரலே அதைச் சொல்லும். காலம் குறிக்கப்படாத கல்வெட்டின் வயதை எழுத்தமைதி கொண்டு கணிப்பது போன்ற வேலை இது.

‘நியூமெரிக்’ என்று அழைக்கும் வரி இருந்தால் நிரல் பெரும்பாலும் 2006-க்கு முந்தியது, அல்லது அந்தப் பழக்கத்தை விடாதவர் எழுதியது. ‘பிரிண்ட்’ கட்டளைக்கு அடைப்புக்குறி இல்லையென்றால் பைத்தான் 2. ‘என்தாட்.மாயாவி’ என்றிருந்தால் 2011-இன் பெயர் மாற்றத்துக்கு முந்தைய பழக்கம். விடிகே பொருளுக்கு நேரடியாக ‘செட்இன்புட்’ தரப்பட்டிருந்தால் விடிகே 5 அல்லது அதற்கும் பழையது. ‘என்பி.ஃப்ளோட்’ என்ற சுருக்கம் இருந்தால், அதை நீக்கிய நம்பை 1.24 வெளிவந்த 2022 டிசம்பருக்கு முந்தைய பதிப்பு வேண்டும். இப்படி நாலைந்து அடையாளங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் காலம் ஓரிரு ஆண்டுகளுக்குள் சுருங்கிவிடும். கோப்பின் தேதியை மட்டும் நம்பக்கூடாது. வேறு வட்டுக்குப் படியெடுத்த நாளை அது காட்டக்கூடும்.

காலம் தெரிந்தபின் அக்காலத்து மென்பொருள்களைத் தேட வேண்டும். இங்கே பெரிதும் உதவுவது டெபியன் திட்டத்தின் ஸ்னாப்ஷாட் காப்பகம். 2005 முதல் டெபியனின் பொதிகள் அனைத்தும் அந்தந்த நாளில் இருந்த நிலையில் அங்கே காக்கப்படுகின்றன. ஒரு தேதியைக் கொடுத்தால் அன்றைய பைத்தான், அன்றைய விடிகே, அன்றைய டிகே எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியபடியே கிடைக்கும். அவற்றை ஒரு மெய்நிகர் கணினியில் நிறுவலாம். நடைமுறையில் ஒரு தடை வரும். பழைய பட்டியல்களின் செல்லுபடிக் காலம் முடிந்துவிட்டதால் நிறுவி அவற்றை ஏற்க மறுக்கும். அந்தத் தேதிச் சரிபார்ப்பை அணைத்துவிடும்படி அமைப்பில் சொல்ல வேண்டும். பாதுகாப்புக்காக வைத்த பூட்டு என்பதால், இப்படிச் செய்த கணினியை இணையத்திலிருந்து விலக்கி வைப்பது முறை.

பழைய மூலநிரலை இன்றைய கணினியிலேயே தொகுக்க முயல்வது இரண்டாவது வழி. அது கடினமானது. 2008-இல் வந்த ஜிசிசி 4.3 தொகுப்பி தலைப்புக் கோப்புகளில் கண்டிப்பானது. அதற்கு முன் மறைமுகமாகக் கிடைத்துவந்த அறிவிப்புகள் கிடைக்காமல் போயின. பழைய சி++ நிரல்களில் விடுபட்ட தலைப்புக் கோப்புகளை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். டிசிஎல் 8.6 பதிப்பு, நிரலின் விளைவை நேரடியாக எட்டிப்பார்க்கும் பழைய வழியை மூடியது. பழைய விடிகே அந்த வழியைத்தான் பயன்படுத்தியது. ஒரு மாறியை வரையறுத்தால் வழி மீண்டும் திறக்கும். அந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்க ஒரு முழு நாள் போகலாம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் போன்ற தொழிற்பேட்டைகளில் இதற்கு நிகரான வேலை அன்றாடம் நடப்பது. இயந்திரத்தைச் செய்த நிறுவனம் மூடப்பட்டிருக்கும், உதிரிபாகம் எங்கும் கிடைக்காது. தேய்ந்த பல்சக்கரத்தை லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் அளவெடுத்துப் புதிதாகக் கடைந்து பொருத்துவார்கள். மென்பொருளில் அளவெடுக்கத் தேய்ந்த பாகமாவது கையில் இருக்க வேண்டும், அதாவது மூலநிரல். கட்டற்ற மென்பொருளில் மட்டுமே அது உறுதி. மூலநிரல் தரப்படாத மென்பொருளின் நிறுவனம் மூடப்பட்டால் கடைவதற்கு ஏதும் இருக்காது.

மூலநிரலே தொலையும்போது

கட்டற்ற மென்பொருளும் தொலையும். 2015-இல் கிட்டோரியஸ் தளம் மூடப்பட்டது. கூகுள் கோட் 2015-இல் புதிய திட்டங்களை ஏற்பதை நிறுத்தி, 2016 ஜனவரியில் மூடப்பட்டது. அங்கே வைத்திருந்தவர்கள் பலர் தங்கள் நிரல்களை நகர்த்தினார்கள், பலர் நகர்த்தவில்லை. இத்தகைய இழப்பைத் தடுக்க பிரான்சின் இன்ரியா நிறுவனம் 2016-இல் சாஃப்ட்வேர் ஹெரிடேஜ் என்ற உலகளாவிய மூலநிரல் காப்பகத்தைத் திறந்தது. அதை நிறுவியவர்களுள் ஒருவரான ரொபெர்ட்டோ டி காஸ்மோவுக்கே அது கைகொடுத்தது. தம் குழு 1998-இல் வெளியிட்ட ஆய்வின் நிரலை அவர் பின்னாளில் தேடியபோது, அது இருந்த கிட்டோரியஸ் மறைந்திருந்தது. நகல் அவர் நிறுவிய காப்பகத்திலேயே கிடைத்தது.

அந்தத் தேடலுக்குத் தூண்டுகோல், ஹின்சனும் நிக்கோலா ரூஜியேவும் விடுத்த பத்தாண்டுச் சவால். பத்தாண்டுகளுக்கு முன் வெளியிட்ட சொந்த ஆய்வின் நிரலை மீண்டும் ஓட்டி, அதே விடையைப் பெற முடியுமா என்பதே கேள்வி. ரூஜியே தம் பதினாறு வயதில் ஆப்பிள் 2 கணினிக்காக எழுதி, 1988-இல் ஒரு பிரெஞ்சு இதழில் அச்சான நிரலை எடுத்துக்கொண்டார். பழைய இதழின் அச்சுப் பக்கத்திலிருந்து அது மீட்கப்பட்டது. முப்பத்திரண்டு ஆண்டுப் பழைய அந்த நிரலுக்கு வேறு எந்த நிரலகமும் தேவைப்படவில்லை. அதனாலேயே பத்தாண்டுப் பழைய பைத்தான் நிரல்களைவிட எளிதாக அது ஓடியது எனலாம்.

மாயாவிக்குப் பின்

பிரபு ராமச்சந்திரன் பின்னர் மும்பை ஐஐடியில் பேராசிரியரானார். அங்கு நடுவணரசின் உதவியோடு நடைபெறும் ஃபாஸி திட்டத்தின் வழியாகப் பல பொறியியல் கல்லூரிகளில் பைத்தான் பயிற்சிகள் நடந்தன. அவற்றில் மாயாவியும் கற்றுத்தரப்பட்டது. பழைய பயிற்சிக் குறிப்புகளைப் பார்த்து இன்று தட்டச்சு செய்யும் மாணவர் முதல் வரியிலேயே பிழைச்செய்தியைக் கண்டால், அது தம் தவறு என்று எண்ண வேண்டியதில்லை. பெரும்பாலும் குறிப்பில் உள்ள ‘என்தாட்’ என்ற ஒரு சொல்லை நீக்கினால் போதும்.

2018-இல் அவர் ஆட்டோமான் என்ற கருவியைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். ஓர் ஆய்வுக் கட்டுரையிலுள்ள எல்லாப் படங்களையும் ஒரே கட்டளையில், மூலக் கணக்கீடுகளிலிருந்து மீண்டும் உருவாக்க உதவுவது அது. கணக்கீட்டின் படிகளை நிரலாகவே எழுதி வைப்பதால், எந்தப் படம் எந்த உள்ளீட்டிலிருந்து வந்தது என்பது நினைவை நம்பி இருப்பதில்லை. சார்புகளின் பதிப்பு எண்களைத் தனிக் கோப்பில் குறித்து வைக்கும் வேலை மட்டும் இன்னும் எழுதுபவர் கையில்தான் இருக்கிறது.