நோட்டீசுக்குப் பேர் உண்டு, நோட்டுக்கு?

சிவகாசி, விஸ்வநத்தம் பக்கம் அச்சகம் நடத்துறவங்களுக்கு ஒரு தேர்தல் விதி மனப்பாடம். போஸ்டரின் அடியில் அச்சிட்டவர், வெளியிடுபவர் இருவரின் பெயரும் முகவரியும் இருக்கணும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 1961-ல் சேர்த்த 127ஏ பிரிவு இது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இல்லாட்டி 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும்.

சரி, கட்சிக்குப் பணம் கொடுத்த கம்பெனியின் பெயர்? அந்த வரலாறு வேற மாதிரி.

1957-ல் டாடா இரும்பு எஃகு கம்பெனி, கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்க வசதியாகத் தன் அமைப்பு விதியைத் திருத்தியது. வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றம் போனது. தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா, தடுக்கச் சட்டத்தில் வழியில்லைன்னு அனுமதித்தார். ஆனால் இது வளர்ந்தால் ஜனநாயகத்தின் குரல்வளையை நெரிச்சிடும்னு தீர்ப்பிலேயே எச்சரித்தார்.

1960-ல் உச்சவரம்பு வந்தது: 25,000 ரூபாய் அல்லது சராசரி நிகர லாபத்தில் 5 சதவீதம், எது அதிகமோ அது. எந்தக் கட்சிக்குன்னு கணக்கில் காட்டவும் வேண்டும். 1967 தேர்தலில், ராஜாஜி தொடங்கிய சுதந்திராக் கட்சி மக்களவையில் 44 இடங்களோடு பெரிய எதிர்க்கட்சி ஆனது. தொழிலதிபர்களின் ஆதரவு பெற்ற கட்சி அது. ரெண்டே வருஷத்தில், 1969-ல், இந்திரா காந்தி அரசு கம்பெனி நன்கொடையையே முழுசா தடை செய்தது. தேர்தல் செலவுக்கு மாற்று வழி எதுவும் காட்டவில்லை. பணம் நிற்கவில்லை, கணக்கில் இருந்து மறைஞ்சது, அவ்வளவுதான்.

1985-ல் ராஜீவ் காந்தி அரசு தடையை நீக்கி 5 சதவீத வரம்பு வைத்தது. 2013-ல் அது 7.5 ஆனது. 2017-ல் வரம்பும் போச்சு, கட்சிப் பெயரைக் காட்டும் கட்டாயமும் போச்சு. அடுத்த வருஷம் தேர்தல் பத்திரம் வந்தது.

2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்த பிறகுதான் பெயர்கள் வெளியே வந்தன. அதிகம் வாங்கிய கட்சி பாஜக. அதிகம் கொடுத்தது கோயம்புத்தூரோடு தொடர்புள்ள லாட்டரி நிறுவனம் ஃபியூச்சர் கேமிங், 1,368 கோடி ரூபாய். அதில் 509 கோடி தங்களுக்கு வந்ததாக திமுகவே தெரிவித்தது. அந்தப் பணம் செலவான தேர்தல்களில் ஓட்டுப் போட்டவர்களுக்கு இது எதுவும் தெரியாது.

ஒரு ஓட்டை இன்னும் இருக்கு: 20,000 ரூபாய்க்கு மேற்படாத நன்கொடை கொடுத்தவர் பெயரைக் கட்சி தேர்தல் ஆணையத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஐந்நூறு ரூபாய்க்கு நோட்டீஸ் அடிச்ச அச்சகக்காரருக்கு அந்தச் சலுகை கிடையாது.