தாதாக்களின் கைப்பக்குவம்

மொராக்கோ சமையலின் வரலாற்றைத் தேடிப்போனால் முதலில் கையில் கிடைப்பவை ஆண்கள் எழுதிய நூல்கள். 13ஆம் நூற்றாண்டில், முர்சியா நகரில் பிறந்து தூனிஸில் குடியேறிய இப்னு ரஸீன் அல்-துஜீபி, ஆந்தலூசியாவிலும் மக்ரிபிலும் சமைக்கப்பட்ட நானூறுக்கும் மேற்பட்ட உணவுகளைத் தொகுத்தார். அரிய நூல் அது. ஆனால் அந்தச் சமையல் நூற்றாண்டுகளைக் கடந்து வந்தது நூல்களால் மட்டுமல்ல. எழுதப் படிக்க வாய்ப்பே தரப்படாத பெண்களின் நினைவில்தான் அதன் பெரும்பகுதி தங்கியிருந்தது.

அவர்களில் ஒரு பிரிவினருக்கு ‘தாதா’ என்று பெயர். தமிழில் அந்தச் சொல்லைக் கேட்டால் ரவுடிதான் நினைவுக்கு வருவான். மொராக்கோவில் அது ஃபெஸ், மராக்கெஷ் போன்ற நகரங்களின் பணக்கார வீடுகளிலும் அரண்மனையிலும் சமைத்த, பிள்ளை வளர்த்த பெண்களைக் குறிக்கும். இவர்களில் பலர் சஹாராவுக்குத் தெற்கிலிருந்து பிடித்துவரப்பட்டு விற்கப்பட்ட கறுப்பினப் பெண்கள், அல்லது அவர்களின் வழிவந்தவர்கள். பிரெஞ்சு ஆட்சி (1912–1956) அடிமை வணிகத்தைத் தடைசெய்த பின்னும் வீட்டுக்குள் அந்த உறவு நெடுநாள் நீடித்தது.

1940இல் ஃபெஸ் நகரில் பிறந்த பெண்ணியச் சமூகவியலாளர் ஃபாத்திமா மெர்னிஸி, ஹரெம் வீட்டில் கழிந்த குழந்தைப் பருவத்தைப் பற்றி 1994இல் ஒரு புத்தகம் எழுதினார். சிறுமியாக இருக்கும்போதே கடத்தப்பட்டு அடிமையாக்கப்பட்ட மீனா என்ற பெண் அதில் வருகிறாள். அந்த உயர்ந்த சுவர்களுக்குள் எல்லாப் பெண்களும் அடைபட்டிருந்தார்கள். ஆனால் எல்லோரும் ஒரே மாதிரி அடைபடவில்லை.

இந்த வரலாற்றை அறிந்தபின் கோழித் தாஜினை நான் வேறு கண்ணோடு சமைக்கிறேன். செய்முறை எளிது. ஒரு கிலோ கோழி, துருவிய பெரிய வெங்காயம் இரண்டு, பூண்டு, இஞ்சிப்பொடி, மஞ்சள், ஒரு சிட்டிகை குங்குமப்பூ, ஒரு கைப்பிடி கொத்தமல்லித்தழை, எண்ணெய், ஒரு தம்ளர் தண்ணீர். கூம்பு மூடி போட்ட மண்சட்டி இல்லாவிட்டால் அடிகனமான பாத்திரம் போதும். சிறுதீயில் முக்கால் மணி நேரம் வேகவேண்டும். கடைசியில் உப்பில் ஒரு மாதம் ஊறிய எலுமிச்சையின் தோலும் ஆலிவ் காய்களும் சேர்த்து, குழம்பு சுண்டி எண்ணெய் மேலே தெளியும்வரை காத்திருக்கவேண்டும். எப்போது தண்ணீர் தெளிப்பது, எப்போது மூடியைத் திறப்பது என்பதெல்லாம் கண்ணும் மூக்கும் அறிந்த கணக்கு. பக்கத்தில் நின்று பார்த்துத்தான் அதைக் கற்க முடியும்.

மராக்கெஷில் ஆண்கள் சமைக்கும் உணவும் ஒன்று உண்டு, தன்ஜியா. இறைச்சியையும் மசாலாவையும் மண்குடத்தில் அடைத்து, வாயைத் தாளால் கட்டி, பொதுக் குளியலறையின் உலைக்காரரிடம் கொடுத்துவிடுவார்கள். இரவெல்லாம் சாம்பல் சூட்டில் அது வெந்துகொண்டிருக்கும். விடுமுறை நாளில் நண்பர்களோடு தோட்டத்துக்கு எடுத்துப்போய்ச் சாப்பிடுவார்கள். ஆணுக்குச் சமையல் ஒரு நாள் கொண்டாட்டம். தாஜின் சமைத்த பெண்ணுக்கோ மறுநாளும் அதே அடுப்பு, அதற்கு மறுநாளும்.

நம்மிடம் ‘கைப்பக்குவம்’ என்று ஓர் அழகான சொல் இருக்கிறது. பாராட்டாகத்தான் சொல்கிறோம். ஆனால் பிறவியிலேயே கையில் ஊறிவந்த வரம் போல அது ஒலிக்கிறது. எத்தனை வருடப் பயிற்சி, யாருக்காக, என்ன கூலிக்கு என்ற கேள்விகளை அந்தச் சொல் கேட்கவிடுவதில்லை. தாதாக்களின் திறமையை மொராக்கோ இன்றும் போற்றுகிறது. அரண்மனைச் சமையல் என்று பெருமையாகப் பேசப்படுவதில் பெரும்பங்கு அவர்களுடையது. அவர்களில் பெரும்பாலோரின் பெயரை மட்டும் யாரும் எழுதிவைக்கவில்லை.

இந்தக் குழம்பின் செய்முறையைக் கேட்கும் தோழிகளுக்கு அளவுகளோடு தாதாக்களின் கதையையும் சேர்த்தே எழுதித் தருகிறேன். சமைத்தவளை விட்டுவிட்டுச் சமையலை மட்டும் எடுத்துக்கொள்வது பழைய வழக்கம். அதை நம் அடுப்படியிலாவது நிறுத்தலாம்.