புலிக்கட் என்னும் துணிப்பெயர்

ஊர்ப்பெயர் பொருட்பெயராதல் மொழிகள் பலவற்றினும் காணப்படும் இயல்பாகும். கள்ளிக்கோட்டைத் துணி ஆங்கிலத்தில் 'காலிகோ' எனப் பெயர் பெற்றமை பலரும் அறிந்ததே. அத்தகைய மற்றொரு சொல்லை யாம் ஈண்டு ஆராய்வாம். அஃது ஆங்கில அகராதிகள் வண்ணக் கைக்குட்டை எனப் பொருளுரைக்கும் 'புலிக்கட்' என்பதாம்.

திருவள்ளூர் மாவட்டத்தில், ஆலைகள் மிக்க கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே, கடலோரத்தில் உள்ள பழவேற்காடே இச்சொல்லின் பிறப்பிடம். இவ்வூர்ப்பெயரைப் பழைய வேர்க்காடு எனப் பிரித்துப் பொருள் கூறுவாரும் உளர். வேர் என்பது நிலைமொழியாயின் 'வேர்க்காடு' எனக் ககரம் மிக்கு நிற்றல் வேண்டும். பால்+குடம் பாற்குடம் ஆயினாற்போல, வேல்+காடு வேற்காடு ஆயிற்று எனக் கொள்ளுதலே இலக்கண நெறிக்கு ஒத்தது. ஆகவே, பழைய வேலமரக் காடு என்பதே பொருளாதல் வேண்டும். திருவேற்காடு என்னும் ஊர்ப்பெயரும் இதற்குத் துணை நிற்கும்.

16ஆம் நூற்றாண்டில் வந்த போர்ச்சுகீசியர் நாவில் ழகரம் லகரமாய்த் திரிந்தது, இடையெழுத்துக்கள் தேய்ந்தன. அவர்க்குப் பின் வந்த டச்சுக்காரர் 1613இல் இங்குக் கெல்டிரியாக் கோட்டையை எழுப்பினர். 1690இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்திற்கு மாற்றுங்காறும் அவர்தம் சோழமண்டலக்கரை வாணிகத்திற்கு இவ்வூரே தலைமை பூண்டது. 1825இல் இஃது ஆங்கிலேயர் வசமாயிற்று.

கீழைத் தீவுகளில் மிளகும் கிராம்பும் சாதிக்காயும் பெறுதற்குச் சோழமண்டலத் துணியே பண்டமாற்றுப் பொருளாயிற்று. அவ்வழியே சென்ற பெயர், மலாய் மொழியில் 'பெலெக்காட்' எனக் கட்டமிட்ட கைலியைக் குறித்து இன்றும் வழங்குகிறது. மேற்றிசையிலோ, அப்பெயர் கைக்குட்டைக்கு உரியதாயிற்று. ஆயினும், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிளாஸ்கோ வட்டாரத்துத் தறிகளே அவ்வகைத் துணியை நெய்து, அப்பெயராலேயே விற்றன. பெயர் தங்கியது, அத்துணிக்கு அவ்வூர் வேண்டாததாயிற்று. பின்னர் ஆங்கில வழக்கிலும் அச்சொல் அருகியது.

இன்று பழவேற்காடு என்றவுடன் ஏரியும் மீனும் பறவைகளுமே நம் நினைவிற்கு வருகின்றன. துணி நினைவிற்கு வருவதில்லை. கோட்டை அழிந்துபட்டது. எனினும், மலாய் நாட்டார் நாடோறும் உடுக்கும் உடையின் பெயரில் நம் ஊரொன்று வாழ்கின்றது. ஆதலின், தமிழக ஊர்களின் வரலாற்றை எழுதப் புகுவார், கல்வெட்டுக்களோடு அமையாது, பிறமொழி அகராதிகளையும் துருவி ஆராய்தல் வேண்டும் என்பதே எம் கருத்து.